வலிக்குப் பின்: எச்.ஜி. வெல்சின் ‘டாக்டர் மோரோவின் தீவு’ புதினத்தில் ஆய்வறமும் பொறுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

எச்.ஜி. வெல்ஸ் 1896-இல் வெளியிட்ட ‘டாக்டர் மோரோவின் தீவு’ என்னும் அறிவியல் புனைகதை, ஆய்வின் பெயரால் விலங்குகளுக்கு இழைக்கப்படும் கொடுமையைக் கண்டிக்கும் படைப்பாகவே பெரிதும் வாசிக்கப்படுகிறது. இக்கட்டுரை அப்புதினத்தை, அது எழுதப்பட்ட காலத்தில் நடைமுறையிலிருந்த 1876-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் விலங்கு வதைச் சட்டத்தோடு ஒப்பவைத்து வாசிக்கிறது. ஆய்வின்போது விலங்கு உணரும் வலியைக் கட்டுப்படுத்துவதே அச்சட்டத்தின் மைய நோக்கம். ஆய்வு முடிந்த பின்னும் விலங்கு உயிர்வாழும் நிலையை அது விதிவிலக்காகவே கொண்டது. வெல்சின் புதினம் அவ்விதிவிலக்கையே களமாகக் கொண்டு, ஆய்வறம் வலியோடு முடிந்துவிடுவதில்லை என்பதையும், படைக்கப்பட்ட உயிரின் பிற்கால வாழ்வுக்கு ஆய்வாளர் பொறுப்பேற்க வேண்டும் என்பதையும் உணர்த்துகிறது என இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, ஆய்வறம், உயிரறுவை, எச்.ஜி. வெல்ஸ், மேரி ஷெல்லி, பொறுப்பு, விலங்காய்வு.

முன்னுரை

அறிவியல் வளர்ச்சியின் வேகத்தையும் அது எழுப்பும் அச்சத்தையும் ஒருசேரப் பதிவு செய்யும் இலக்கிய வகையாக அறிவியல் புனைகதை பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருப்பெற்றது. 1818-இல் வெளிவந்த மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’ தொடங்கி, ஆய்வாளர் ஒருவர் தம் அறிவின் எல்லையைக் கடந்து செல்வதும் அதன் விளைவைச் சந்திப்பதும் இவ்வகையின் அடிப்படைக் கதைக்கூறுகளுள் ஒன்றாக நிலைத்துவிட்டன. இக்கதைக்கூற்றை ‘எல்லை மீறியவன் அழிவான்’ என்னும் பொதுவான நீதியாகச் சுருக்கிவிடுவது எளிது. அவ்வாறு சுருக்கும்போது ஒவ்வொரு படைப்பும் எந்த எல்லையை, எந்தக் காரணத்தால், யார் வகுத்த எல்லையாகக் காட்டுகிறது என்னும் நுட்பம் மறைந்துபோகிறது.

‘டாக்டர் மோரோவின் தீவு’ புதினத்தைப் பொறுத்தவரை இவ்வினாவுக்கு வரலாற்று ஆவணம் ஒன்றே துணைநிற்கிறது. புதினம் வெளிவருவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, உயிருள்ள விலங்குகளைக் கொண்டு செய்யப்படும் ஆய்வுகளுக்குச் சட்டத்தின்வழி எல்லை வகுத்த நாடு பிரிட்டன். அச்சட்டம் எதை எல்லையாகக் கண்டது, வெல்சின் கற்பனை எதை எல்லையாகக் கண்டது என்னும் ஒப்பீடே இக்கட்டுரையின் அடிப்படை. உயிருள்ள விலங்கின் உடலை அறுத்து ஆயும் முறை ஆங்கிலத்தில் ‘விவிசெக்‌ஷன்’ எனப்படும். அது இக்கட்டுரையில் ‘உயிரறுவை’ எனக் குறிக்கப்படுகிறது.

சட்டம் பிறந்த சூழல்

ஐரோப்பியக் கண்டத்தில் உடலியங்கியல் சோதனைச்சாலை சார்ந்த அறிவியலாக வளர்ந்ததில் பிரெஞ்சு அறிஞர் கிளாட் பெர்னார்டுக்குப் பெரும்பங்கு உண்டு. 1865-இல் வெளிவந்த அவருடைய சோதனை மருத்துவம் பற்றிய நூல், உயிரறுவையை மருத்துவ அறிவுக்கு இன்றியமையாத வழியாக வாதிட்டது. பிரிட்டனில் இம்முறை சற்றுத் தாமதமாகவே வேரூன்றியது. 1873-இல் ஜான் பர்டன் சாண்டர்சன் பதிப்பித்த உடலியங்கியல் சோதனைச்சாலைக் கையேடு, மாணவர்களுக்கான நூலாக இருந்தும் விலங்குகளுக்கு மயக்க மருந்து அளிப்பது பற்றிப் போதிய கவனம் செலுத்தவில்லை என்னும் கண்டனத்திற்கு உள்ளானது.

அடுத்த ஆண்டு நார்விச் நகரில் கூடிய பிரிட்டிஷ் மருத்துவக் கழகக் கூட்டத்தில், பிரெஞ்சு மருத்துவர் வாலன்டின் மேக்னன் நாய்களின் உடலில் அப்சிந்த் என்னும் மதுவைச் செலுத்திக் காட்டினார். விலங்கு வதைத் தடுப்புச் சங்கம் வழக்குத் தொடர்ந்தது. மேக்னன் தம் நாட்டிற்குத் திரும்பிவிட்டார்; வழக்கு தண்டனையில் முடியவில்லை. எனினும் இருக்கும் சட்டம் போதாது என்னும் எண்ணம் வலுப்பெற அது காரணமாயிற்று. 1875-இல் அரச ஆணைக்குழு அமைக்கப்பட்டது. உயிரியல் அறிஞர் தாமஸ் ஹக்ஸ்லி அதன் உறுப்பினர்களுள் ஒருவர். சார்லஸ் டார்வின் சாட்சியம் அளித்தவர்களுள் ஒருவர். உடலியங்கியல் ஆய்வாளர் இமானுவேல் கிளைன், தம் வசதிக்காகவே மயக்க மருந்தைப் பயன்படுத்துவதாகவும் விலங்கின் துன்பத்தைத் தாம் பொருட்படுத்துவதில்லை என்றும் ஆணைக்குழுவின்முன் கூறியது பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது. அதே ஆண்டில் பிரான்சிஸ் பவர் கோப் உயிரறுவைக்கு எதிரான சங்கத்தைத் தொடங்கினார்.

இச்சூழலில் 1876-இல் விலங்கு வதைச் சட்டம் நிறைவேறியது. முதுகெலும்புள்ள உயிருள்ள விலங்குகளுக்கு வலி தரக்கூடிய ஆய்வுகளைச் செய்ய உள்துறை அமைச்சரிடம் உரிமம் பெற வேண்டும். விலங்குக்கு மயக்க மருந்து அளிக்க வேண்டும். புதிய அறிவு பெறுவதோ, உயிர் காக்கவோ துன்பம் தணிக்கவோ உதவும் அறிவு பெறுவதோ ஆய்வின் நோக்கமாக இருக்க வேண்டும். கைத்திறன் பழகுவதற்காக ஆய்வு செய்யலாகாது. பொதுமக்களுக்குக் காட்சியாக நடத்தலாகாது என்பன அதன் முக்கிய விதிகள். இக்கட்டுரையின் நோக்கில் இரண்டு விதிகள் தனிக்கவனம் பெறத்தக்கவை. ஒன்று, தசைகளைச் செயலிழக்கச் செய்து விலங்கை அசைவற்றுக் கிடக்கவைக்கும் குராரே என்னும் பொருளை மயக்க மருந்தாகக் கருதக்கூடாது என்பது. அசையாத உடல் வலி உணராத உடலாகிவிடாது என்பதைச் சட்டம் வெளிப்படையாக ஏற்றுக்கொண்ட இடம் அது. மற்றொன்று, மயக்கம் தெளிந்த பின்னும் வலி தொடரக்கூடும் என்றாலோ கடும் காயம் ஏற்பட்டிருந்தாலோ மயக்கம் தெளியும் முன்பே விலங்கைக் கொன்றுவிட வேண்டும் என்பது. கொல்வதால் ஆய்வின் நோக்கம் கெடும் எனச் சான்று பெற்றால் மட்டுமே இவ்விதியிலிருந்து விலக்கு உண்டு.

சட்டத்தின் பார்வையில், நல்ல ஆய்வு என்பது விலங்கு ஒன்றும் உணராமல் தொடங்கி, ஒன்றும் உணராமல் இறப்பதில் முடிவது. ஆய்வுக்குப் ‘பின்’ என ஒரு காலமே அதற்கு இல்லை. அப்படிப்பட்ட காலம் தோன்றும்போது சட்டம் திணறியதற்கு 1881-இல் நடந்த டேவிட் ஃபெரியர் வழக்கு சான்றாகும். இலண்டனில் கூடிய பன்னாட்டு மருத்துவ மாநாட்டின்போது, மூளையில் அறுவை செய்யப்பட்டு உயிருடன் வைக்கப்பட்டிருந்த குரங்குகள் அறிஞர்களுக்குக் காட்டப்பட்டன. அவற்றுள் ஒன்று உடலின் ஒருபக்கம் செயலிழந்திருந்தது. ஃபெரியர்மீது உயிரறுவை எதிர்ப்பாளர்கள் வழக்குத் தொடுத்தனர். அறுவையைச் செய்தவர் உரிமம் பெற்றிருந்த ஜெரால்டு இயோ எனத் தெரியவந்ததும் வழக்கு தள்ளுபடியானது. உரிமம் யாரிடம் இருந்தது என்னும் வினாவுக்கு நீதிமன்றத்தில் விடை கிடைத்தது. செயலிழந்த உடலோடு வாழ்ந்த குரங்குக்கு யார் பொறுப்பு என்னும் வினா அங்கு எழவே இல்லை.

வெல்சின் அறிவியற் பின்புலம்

1866-இல் பிறந்த வெல்ஸ், 1884-இல் இலண்டன் தென் கென்சிங்டனில் இருந்த அறிவியல் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து முதலாண்டில் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். 1890-இல் விலங்கியலில் பட்டம் பெற்றார். 1893-இல் உயிரியல் பாடநூல் ஒன்றை எழுதினார். எனவே சோதனைச்சாலையை அவர் வெளியிலிருந்து கண்டு அஞ்சியவர் அல்லர், உள்ளிருந்து அறிந்தவர். 1895 சனவரியில் ‘சாட்டர்டே ரிவியூ’ இதழில், ஓர் உயிரின் உடலமைப்பை அறுவையால் எவ்வளவு தூரம் மாற்றியமைக்க இயலும் என்பது பற்றிக் கட்டுரை எழுதினார். அக்கட்டுரையின் கருத்துகளே புதினத்தின் 14-ஆம் இயலில் மோரோவின் வாய்மொழியாக மீண்டும் இடம்பெறுகின்றன.

இச்செய்தி புதினத்தை வாசிக்கும் முறையைப் பாதிக்கிறது. மோரோவின் அறிவியலை வெல்ஸ் அபத்தமாகக் கருதவில்லை. அதன் இயலுமையைத் தம் கட்டுரையில் முன்னரே வாதிட்டவர் அவர். விலங்கியலறிஞர் பீட்டர் சால்மர்ஸ் மிட்செல் அதே இதழில் 1896-இல் எழுதிய மதிப்புரையில் புதினத்தின் அறிவியல் அடிப்படையைக் கேள்விக்குட்படுத்தியபோது வெல்ஸ் அதனை ஏற்காமல் மறுமொழி எழுதினார். ஆகவே மோரோ செய்வது முடியாத செயல் என்பதில் புதினத்தின் கண்டனம் அமையவில்லை. முடியும் எனக் கொண்ட பின்னர் என்ன கேட்க வேண்டும் என்பதிலேயே அது அமைகிறது.

சுவருக்கு அப்பால் எழும் ஒலி

புதினத்தின் கதைசொல்லி எட்வர்ட் பிரெண்டிக். 1887 பிப்ரவரியில் ‘லேடி வெய்ன்’ என்னும் கப்பல் மூழ்கியதில் உயிர்தப்பிய அவன், மாண்ட்கோமரி என்பவனால் காப்பாற்றப்பட்டுப் பசிபிக் பெருங்கடலில் உள்ள சிறு தீவு ஒன்றை அடைகிறான். அங்கு மோரோ என்னும் உடலியங்கியல் அறிஞர் விலங்குகளை அறுத்தும் ஒட்டவைத்தும் மனித வடிவாக்கும் முயற்சியில் ஈடுபட்டுள்ளார். இலண்டனில் புகழ்பெற்றிருந்த அவருடைய சோதனைச்சாலைக்குள் உதவியாளனாக நுழைந்த இதழாளன் ஒருவன் அங்கு நடந்தவற்றை வெளியிட்டதும், தோலுரிக்கப்பட்ட நாய் ஒன்று அவர் வீட்டிலிருந்து தப்பி ஓடியதும் அவரை நாட்டைவிட்டு வெளியேறச் செய்தன.

பிரெண்டிக்கும் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவனாகவே படைக்கப்பட்டுள்ளான். உயிரறுவை பற்றிய பொதுமக்களின் அருவருப்பு அவனிடம் இல்லை. தீவில் அவன் தங்கியிருக்கும் அறைக்கு அடுத்த அறையில் பூமா ஒன்றின்மீது மோரோ ஆய்வு நடத்துகிறார். நாள் முழுதும் எழும் அதன் கதறல் தாங்காமல் பிரெண்டிக் வெளியேறிக் காட்டை நோக்கி நடக்கிறான். அப்போது அவன் தன்னைப் பற்றியே ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறான்: அதே அளவு வலி அடுத்த அறையில் இருந்தும் அது ஊமையாக இருந்திருக்குமானால், தன்னால் அமைதியாக அங்கேயே இருந்திருக்க முடியும் என்பதே அது.

இவ்வொப்புதல் சட்டத்தின் குராரே விதியோடு நேரடியாகப் பேசுகிறது. குராரே செலுத்தப்பட்ட விலங்கு கதறுவதில்லை. அதன் வலி குறைவதுமில்லை. ஒலி நின்றதும் இரக்கமும் நின்றுவிடும் மனித இயல்பைச் சட்டம் ஒரு விதியால் எதிர்கொண்டது. வெல்ஸ் அதனைக் கதைசொல்லியின் மனச்சான்றுக்குள் வைத்துக் காட்டுகிறார். வாசகர் வெறுக்க வேண்டியவர் மோரோ மட்டுமே என்னும் வசதியான நிலை இங்கேயே குலைந்துவிடுகிறது. பிரெண்டிக்கின் அறம் அவனுடைய செவியைச் சார்ந்திருக்கிறது. செவிக்கு எட்டாத துன்பத்திற்கு அவ்வறத்தில் இடமில்லை.

வில்கி காலின்ஸ் 1883-இல் வெளியிட்ட ‘ஹார்ட் அண்ட் சயின்ஸ்’ புதினத்தோடு ஒப்பிடும்போது வெல்சின் உத்தி மேலும் தெளிவாகிறது. உயிரறுவையை வெளிப்படையாக எதிர்த்த அப்புதினத்தில் சோதனைச்சாலையின் கதவை வாசகருக்கு ஒருபோதும் திறக்கப்போவதில்லை எனக் காலின்ஸ் முன்னுரையிலேயே கூறிவிடுகிறார். அங்குக் கண்டனத்திற்குரியது, அவ்வேலை டாக்டர் பெஞ்சூலியாவின் உள்ளத்தை எவ்வாறு கடினமாக்கியது என்பதே. வெல்சோ முதலில் ஒலியைச் சுவர் வழியே விடுகிறார். பின்னர்ப் பிரெண்டிக் கதவைத் திறந்து, கட்டப்பட்டுக் குருதியும் கட்டுத்துணியுமாகக் கிடக்கும் உருவத்தைக் காண்கிறான். ஆய்வாளரின் உள்ளத்திலிருந்து ஆய்வுக்குள்ளான உடலுக்குப் பார்வை நகர்கிறது.

மோரோவின் தன்விளக்கம்

14-ஆம் இயல் முழுவதும் மோரோவின் விளக்கமாக அமைகிறது. பதினெட்டாம் நூற்றாண்டு அறுவை மருத்துவர் ஜான் ஹண்டரின் ஒட்டுமுறைகளை எடுத்துக்காட்டி, தாம் செய்வது அம்மரபின் தொடர்ச்சியே என்கிறார். வலி என்பது உயிரைக் காக்க இயற்கை வைத்த எச்சரிக்கை மட்டுமே; பரிணாமம் உயர உயர அது தேவையற்றுப்போகும் என வாதிடுகிறார். அதை மெய்ப்பிக்கச் சிறு கத்தியைத் தம் தொடையில் தாமே குத்திக்கொள்கிறார். தாம் செய்வதன் அறத்தைப் பற்றித் தாம் கவலைப்பட்டதே இல்லை என்றும் கூறுகிறார்.

கத்திக் காட்சி வலுவானதாகத் தோன்றினும் அதிலுள்ள பிழை வெளிப்படையானது. மோரோ தம் உடலில் குத்திக்கொள்வது தம் விருப்பத்தால். எங்கே வலிக்கும், எங்கே வலிக்காது என்னும் அறிவோடு. எப்போது நிறுத்த வேண்டும் என்னும் அதிகாரத்தோடு. பூமாவுக்கு இம்மூன்றும் இல்லை. ஒருவர் தாம் தாங்கிக்கொள்வதை அளவுகோலாகக் கொண்டு பிறர் தாங்க வேண்டியதை முடிவுசெய்யும் இவ்வாதம், வலியைப் பற்றியது போலத் தோன்றி உண்மையில் அதிகாரத்தைப் பற்றியதாகவே முடிகிறது.

உயிரறுவைக்குப் பயன் ஒன்றே நியாயமாக முடியும் எனப் பிரெண்டிக் இடைமறிக்கிறான். 1876-ஆம் ஆண்டின் சட்டம் நோக்கத்தை வரையறுத்ததும் ஏறத்தாழ இவ்வடிப்படையிலேயே. ஆனால் அச்சட்டம் ‘புதிய அறிவு’ என்பதையும் போதுமான நோக்கமாக ஏற்றது என்பது கவனிக்கத்தக்கது. ஒரு வினாவை எழுப்பி, அதற்கு ஆய்வின்வழி விடை கண்டு, அவ்விடையிலிருந்து அடுத்த வினாவுக்குச் செல்வதாகக் கூறும் மோரோ, இந்த ஓர் அளவுகோலில் மட்டும் தேறிவிடக்கூடும். மனித வடிவத்தை ஏன் தேர்ந்தெடுத்தார் எனக் கேட்டால், அது தற்செயல் என்கிறார். அறிவு வேட்கை மட்டுமே ஆய்வுக்குப் போதிய நியாயம் என்னும் கொள்கையை அதன் இறுதி எல்லைவரை கொண்டுசென்று காட்டுவதே இவ்வியலின் பணி.

இங்கு மற்றொரு குறையும் சுட்டத்தக்கது. மோரோ யாருக்காக அறிகிறார்? 10 ஆண்டுகளுக்கும் மேலாகத் தீவில் ஆய்வு செய்தும் அவர் எதையும் வெளியிடவில்லை. அவருடைய முடிவுகளைச் சரிபார்க்கவோ மறுக்கவோ உடன்பயில்வோர் எவரும் இல்லை. புதினத்தின் முன்னுரையில், 1891-இல் அத்தீவை அடைந்த கப்பல் ஒன்று பன்றிகள், முயல்கள், சில விந்தையான எலிகள் போன்றவை தவிர வேறெதையும் காணவில்லை எனக் கூறப்படுகிறது. இத்தனை துன்பத்தின் விலையாகப் பெற்ற அறிவு மோரோவோடு அழிந்துவிட்டது. கண்காணிப்பிலிருந்து தப்புவதற்காகத் தேடிய தனிமை, அறிவை அறிவாக்கும் பொதுமன்றத்தையும் அவரிடமிருந்து பறித்துவிட்டது.

சட்டம் யாரைக் கட்டுகிறது?

மோரோவின் தீவில் உரிமமும் இல்லை, மயக்க மருந்து அளிக்கும் கடமையும் இல்லை, கண்காணிப்பு அலுவலரும் இல்லை. அதனால் அத்தீவைச் சட்டமற்ற இடம் எனக் கூறிவிட இயலாது. அங்கும் ‘சட்டம்’ உண்டு. அது விலங்கு மாந்தருக்கு உரியது. நான்கு காலால் நடக்கக்கூடாது, நீரை நக்கிக் குடிக்கக்கூடாது, ஊனும் மீனும் உண்ணக்கூடாது, மரப்பட்டையில் நகம் தீட்டக்கூடாது, பிறரைத் துரத்தக்கூடாது என்னும் தடைகளை அவர்கள் இருட்குகையில் அமர்ந்து உடலை அசைத்தபடி ஓதுகிறார்கள். ‘சட்டம் ஓதுபவன்’ என்றே ஒருவன் இருக்கிறான். மீறுவோருக்குரிய தண்டனை, அவர்கள் ‘வலியின் இல்லம்’ என அழைக்கும் மோரோவின் அறுவைக்கூடத்திற்குத் திரும்பிச் செல்வது.

பிரிட்டனின் சட்டம் ஆய்வாளரைக் கட்டியது. விலங்கிடம் எதையும் கோரவில்லை. தீவின் சட்டம் ஆய்வுக்குள்ளான உயிரைக் கட்டுகிறது. ஆய்வாளரிடம் எதையும் கோரவில்லை. வெல்ஸ் இவ்விரண்டையும் வெளிப்படையாக ஒப்பிடவில்லை. எனினும் 1896-ஆம் ஆண்டின் வாசகருக்கு இத்தலைகீழ் மாற்றம் புலப்படாமல் இருந்திருக்காது எனக் கருத இடமுண்டு. மேலும், தீவின் சட்டம் தடைசெய்யும் செயல்கள் யாவும் அவ்வுயிர்கள் முன்பு இயல்பாகச் செய்துவந்தவை. மோரோவின் அறுவை அவற்றின் உடலை மாற்றியது. அவற்றின் இயல்பைக் குற்றமாக மாற்றியது சட்டம்.

சிறுத்தை மனிதனின் முடிவு இதனைத் தெளிவாக்கும். முயலைக் கொன்று தின்ற குற்றத்திற்காகத் தீவே திரண்டு அவனைத் துரத்துகிறது. புதர்க்குள் பதுங்கியிருக்கும் அவனை நேருக்குநேர் காணும் பிரெண்டிக், அச்சத்தால் சிதைந்த அம்முகத்தில் மனிதத்தன்மையை உணர்ந்து, மீண்டும் வலியின் இல்லத்திற்குக் கொண்டுசெல்லப்படாதிருக்கும் பொருட்டு அவனைச் சுட்டுக் கொல்கிறான். கடும் துன்பம் தொடருமானால் மயக்கம் தெளியும் முன்பே கொன்றுவிட வேண்டும் என்னும் 1876-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி, பல ஆண்டுகள் தாமதமாக, துப்பாக்கிக் குண்டின் வடிவில் இங்கு நிறைவேறுகிறது எனலாம். அதுவரை வாழ்ந்த வாழ்வுக்கு அக்குண்டில் விடை இல்லை.

ஆய்வுக்குப் பின்னான வாழ்வு

மோரோ உருவாக்கியவை ஏறத்தாழ 120 உயிர்கள். பிரெண்டிக் வந்தபோது எஞ்சியவை 60-க்குச் சற்று மேல். ஒவ்வொன்றும் முழுமை பெறாமல் மெல்ல மெல்ல விலங்கியல்புக்குத் திரும்புவதைக் காணும் மோரோ, அவற்றை வெளியே அனுப்பிவிடுகிறார். அவை தம் தோல்வியை நினைவூட்டுவதால் அவற்றின்மீது தமக்கு ஆர்வமில்லை என்கிறார். மதுவுக்கு அடிமையான மாண்ட்கோமரியே அவற்றோடு ஓரளவு பழகுகிறான். ஆய்வு முடிந்தபின் உயிரை ஏற்க ஆளில்லாத நிலையே தீவின் அன்றாட வாழ்வாகிறது.

சிறுத்தை மனிதனின் மரணத்திற்குப் பின் பிரெண்டிக் அடையும் தெளிவு புதினத்தின் அறமையம் எனக் கருதத்தக்கது. வலியைக் கண்டு கூசுபவன் தான் அல்லன் என்கிறான். மோரோவுக்குப் புரிந்துகொள்ளத்தக்க நோக்கம் ஒன்று இருந்திருந்தால் ஓரளவு அவரோடு ஒத்துணர்ந்திருப்பேன் என்கிறான். வெறுப்பே அவருடைய நோக்கமாக இருந்திருந்தாலும் சிறிது மன்னித்திருப்பேன் என்கிறான். அவனால் மன்னிக்க இயலாதது மோரோவின் பொறுப்பின்மை. முன்பு அவ்விலங்குகள் தம் சூழலுக்கேற்ற உணர்வுகளோடு இயல்பாக வாழ்ந்தன. இப்போதோ தம்மால் புரிந்துகொள்ள முடியாத சட்டத்திற்கு அஞ்சி, மனிதத்தன்மை என்னும் தளையில் இடறி, ஓராண்டோ சற்று அதிகமோ வாழ்ந்து துன்பத்தில் இறக்கின்றன.

இங்குக் குற்றச்சாட்டின் தளமே மாறிவிடுகிறது. கத்தி பட்ட கணத்தின் வலி ஒருவகைத் தீங்கு. அது அறுவையோடு முடிந்துவிடக்கூடியது. தனக்குப் பொருந்தாத உடலிலும் தனக்குப் புரியாத நெறியிலும் வாழ நேர்வது மற்றொரு வகைத் தீங்கு. அது நாள்தோறும் தொடர்வது. மயக்க மருந்து முதல் தீங்கைத் தடுக்கும். இரண்டாம் தீங்குக்கு மயக்க மருந்து இல்லை. மோரோ தம் அறுவைகளை வலியின்றிச் செய்திருந்தாலும் அவர்மீதான இரண்டாம் குற்றச்சாட்டு அப்படியே நிற்கும் என்பதே இவ்வாசிப்பின் முடிவு.

இதே வினாவை 78 ஆண்டுகளுக்கு முன் மேரி ஷெல்லி எழுப்பியிருந்தார். விக்டர் ஃபிராங்கன்ஸ்டைன் தான் உருவாக்கிய உயிர் கண் திறந்த கணமே அதன் தோற்றத்தைக் கண்டு அஞ்சி ஓடிவிடுகிறான். ஆனால் ஷெல்லியின் படைப்புயிர் மொழி கற்கிறது, தன் வரலாற்றைத் தானே சொல்கிறது, தனக்கொரு துணையை உரிமையாகக் கேட்கிறது. படைத்தவனை அவன் முகத்துக்கு நேரே குற்றஞ்சாட்டும் ஆற்றல் அதற்கு உண்டு. வெல்சின் விலங்கு மாந்தருக்குக் கிடைத்த மொழியோ, அவர்களை அடக்கும் சட்டத்தை ஓதும் மொழியாக உள்ளது. மோரோவுக்கு எதிரான மறுமொழி பேச்சாக வராமல் செயலாகவே வருகிறது. சுவரில் பிணைத்த சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு ஓடும் பூமாவாலேயே அவர் கொல்லப்படுகிறார். அதன் கதறலைப் புதினம் முழுதும் கேட்கும் வாசகர், அது சொல்ல விரும்பியது என்ன என்பதைக் கடைசிவரை அறிவதில்லை.

புதினம் எதிர்ப்புப் பிரசுரமா?

இப்படைப்பை உயிரறுவைக்கு எதிரான பிரசாரமாகக் கொள்வோர் வெல்சின் பிற்கால நிலைப்பாட்டை எதிர்கொள்ள வேண்டியுள்ளது. 1927-இல் அவர் உயிரறுவையை ஆதரித்தும் அதன் எதிர்ப்பாளர்களைக் கண்டித்தும் எழுதினார். பெர்னார்டு ஷா அதற்கு மறுப்பு எழுதினார். புதினத்தை எழுதியவரும் அக்கட்டுரையை எழுதியவரும் முரண்படுகின்றனர் எனச் சிலர் கருதக்கூடும். புதினத்தின் மையத்தை வலி எனக் கொண்டால்தான் அம்முரண் தோன்றும். பிரெண்டிக் உயிரறுவையை முற்றாக மறுப்பதில்லை. நோக்கமும் பொறுப்பும் அற்ற ஆய்வையே அவன் மறுக்கிறான். ஒழுங்குபடுத்தப்பட்ட மருத்துவ ஆய்வை ஏற்கும் ஒருவர், மோரோவின் செயலைக் கண்டிக்கும் புதினத்தையும் எழுதியிருக்க முடியும்.

எனினும் பொறுப்பு என்னும் இவ்வளவுகோல் எதிர்ப்பாளர்களின் அளவுகோலைவிட மென்மையானதன்று. ஆய்வு முடிந்ததும் உயிர் முடியாத ஒவ்வோர் இடத்திலும் அது ஆய்வாளரைப் பின்தொடர்கிறது. மோரோ இறந்தபின் விலங்கு மாந்தரிடையே தனித்து வாழ நேரும் பிரெண்டிக், அவர்களைக் கட்டுக்குள் வைக்க, மோரோ இறக்கவில்லை, உருமாறி மேலிருந்து காண்கிறார் எனப் பொய் கூறுகிறான். பொறுப்பை ஏற்க வேண்டிய இடத்தில் அவனும் அச்சத்தையே ஆயுதமாக்குகிறான். இலண்டன் திரும்பிய பின்பு மனித முகங்களிலும் விலங்கின் சாயலைக் கண்டு ஒதுங்கி வாழ்கிறான். தீங்கிழைக்காத சாட்சியாகத் தொடங்கிய அவன், தீவின் ஆட்சிமுறையைக் கற்றுக்கொண்டவனாகவே வெளியேறுகிறான்.

பிற்கால ஆய்வறம்

1959-இல் வில்லியம் ரஸ்ஸல், ரெக்ஸ் பர்ச் ஆகியோர் விலங்காய்வுக்கான மூன்று நெறிகளை வகுத்தனர். விலங்குக்கு மாற்றாக வேறு வழியைக் கையாளுதல், பயன்படுத்தும் விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், துன்பத்தைத் தணிக்குமாறு முறையைச் செம்மையாக்குதல் என்பன அவை. பிரிட்டனில் 1876-ஆம் ஆண்டின் சட்டம் 1986 வரை நீடித்து, பின்னர்ப் புதிய சட்டத்திற்கு இடம் தந்தது. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் விலங்காய்வுகளைக் கண்காணிக்கும் குழு, மேற்கண்ட மூன்றோடு ‘மறுவாழ்வு’ என்பதை நான்காம் நெறியாகச் சேர்த்தது. ஆய்வுக்குப் பயன்பட்ட விலங்கின் பின்னைய பராமரிப்பும் ஆய்வைச் செய்தவரின் கடமையே என்பது இதன் பொருள்.

இந்நெறிகளுக்கும் வெல்சின் புதினத்திற்கும் நேரடித் தொடர்பு உண்டு எனக் கூறுவதற்கில்லை. ஆயினும் முதல் மூன்று நெறிகள் ஆய்வு நடக்கும் நேரம்வரையிலான கடமையைப் பேச, நான்காவது ஆய்வுக்குப் பின்னான காலத்தைப் பேசுகிறது என்னும் வேறுபாடு, புதினம் வரைந்த வேறுபாட்டோடு பொருந்தியமைகிறது.

முடிவுரை

‘டாக்டர் மோரோவின் தீவு’ புதினத்தை 1876-ஆம் ஆண்டின் சட்டத்தோடு இணைத்து வாசிக்கும்போது மூன்று முடிவுகள் கிடைக்கின்றன. முதலாவதாக, வலியின் ஒலி அடங்கும்போது அறவுணர்வும் அடங்கிவிடும் மனித இயல்பைப் புதினம் மோரோவிடம் மட்டுமன்றிக் கதைசொல்லியிடமும் காண்கிறது. இரண்டாவதாக, அறிவு வேட்கை மட்டுமே ஆய்வுக்கு நியாயமாகாது என்பதையும், பொதுமன்றத்தின் சரிபார்ப்பிலிருந்து விலகிய ஆய்வு தன் விளைவான அறிவையே இழந்துவிடும் என்பதையும் அது காட்டுகிறது. மூன்றாவதாக, ஆய்வறத்தின் காலஎல்லையை அறுவை மேசைக்கு அப்பால் நீட்டி, உருவாக்கப்பட்ட உயிர் வாழும் காலம் முழுதும் ஆய்வாளரின் பொறுப்பு தொடர்கிறது என அது வாதிடுகிறது.

உயிரணுத் திருத்தமும் உறுப்பு ஒட்டும் இன்று சோதனைச்சாலையின் அன்றாட வேலைகளாகிவிட்டன. ஆய்வுக்கு அனுமதி கோரும் படிவங்களில் மயக்க மருந்தின் அளவும் வலியின் அளவும் தவறாது கேட்கப்படுகின்றன. ஆய்வு முடிந்த மறுநாள் அந்த உயிர் எங்கே, எப்படி, யாருடைய பொறுப்பில் வாழும் என்னும் வினாவும் அதே அழுத்தத்தோடு கேட்கப்பட வேண்டும் என்பதே இப்புதினம் இன்றைய ஆய்வுலகிற்கு முன்வைக்கும் கோரிக்கை.